சும்மா கிடந்த வரி

"மேடம், புரோகிராம்ல நீங்க எடுத்த அந்த ஒரு வரியைத் திரும்பப் போட்டுடலாமா?" என்று போனில் கேட்டான் ஆபீஸ் ஜூனியர்.

ஆஸ்பத்திரியில் அப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தவளுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. 'இது எதுக்குத் தண்டத்துக்கு நிக்குது?' என்று நாலு பேர் எதிரில் கேட்டு, போன வாரம் அவளே நீக்கிய வரி அது.

"எதுக்கு?"

"அதுதான் மேடம் மெமரியைப் பிடிச்சு வச்சிருந்துச்சு. இப்போ ஜாவா அந்த இடத்தைக் குப்பைன்னு நினைச்சுக் காலி பண்ணி, வேற ஒருத்தரோட தகவலுக்குக் கொடுத்துடுது. அடியில ஓடுற சி மொழி புரோகிராம் அது தெரியாம பழைய இடத்துலயே படிச்சிட்டிருக்கு."

"புரோகிராம் நின்னுச்சா?"

"நின்னாத்தான் தேவலையே! தப்பான எண்ணை நல்ல பிள்ளையாட்டம் காட்டுது. ஒரு தடவைதான் பார்த்தேன்."

"ஒரு தடவைக்காக இப்போ வெர்ஷனை மாத்தினா கஸ்டமர் நம்மள உண்டு இல்லைன்னு பண்ணிடுவான். திங்கட்கிழமை பாத்துக்கலாம்."

போனை வைத்தாள்.

அப்பா அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தார். தலைமாட்டுத் திரையில் நாடித்துடிப்பு எழுபத்திரண்டு. அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

பக்கத்துக் கட்டில்காரருக்குத் திடீரென்று இருமல் பிடித்துக்கொண்டது. இருமி இருமி எழுந்தே உட்கார்ந்துவிட்டார்.

அப்பாவின் திரையில் எண் நூறைத் தாண்டியது.

பதறிப்போய் அப்பாவின் கையைப் பிடித்தாள். சில்லென்றிருந்தது.

திரையின் மூலையில் அவள் கம்பெனியின் பெயர் மின்னிக்கொண்டிருந்தது. அந்தப் பெயரைப் பார்த்த தைரியத்தில்தான் அப்பாவை இந்த ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தாள்.