இருநூற்றுப் பதினாலு தடவை

“என்னம்மா, உன் பெட்டி மறுபடியும் கண்ணை மூடிடுச்சா? ஒரு வருஷம் உழைக்கும்னு சொன்னே, ஒரு வாரத்துக்கே மூச்சு வாங்குதே!”

செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார் மாமனார். குத்திக் காட்டுவதற்கு அவரிடம்தான் பாடம் படிக்க வேண்டும்.

மருமகளுக்கு அழுகையே வந்துவிட்டது. கைநிறையச் சம்பளம் வந்த வேலையை உதறிவிட்டு, எட்டு மாதமாக அவள் மாரடிப்பது இந்த சோப்புப் பெட்டி அளவுப் பெட்டியோடுதான். ஃபிரிட்ஜுக்குள் வைத்தால், எத்தனை டிகிரி குளிர் என்று வயர் இல்லாமலே நெட்டுக்குச் சொல்லும். உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் சில்லு சரியான தூங்குமூஞ்சி. யாராவது போனைத் தட்டிக் கேட்டால் மட்டும் விழித்து, அளந்து சொல்லிவிட்டு, மறுபடி படுத்துக்கொள்ளும். அப்படித் தூங்கினால்தான் பேட்டரி தாங்கும்.

நாளைக் காலை தடுப்பூசிக் கிடங்கு மேனேஜர் வருகிறார். பேட்டரி ஒரு வருஷம் வரும் என்று காட்டினால் நாற்பது பெட்டிக்கு ஆர்டர். இல்லாவிட்டால் பழைய ஆபீஸ் வாசலில் போய் நிற்க வேண்டியதுதான்.

“யார் யார் எத்தனை தடவை கேட்டாங்கன்னு பாரேன்” என்றான் கணவன்.

பார்த்தாள். நேற்று ஒரு நாளில் அவள் ஐந்து தடவை. கணவன் இரண்டு. மாமனார் இருநூற்றுப் பதினாலு.

“உங்கப்பா வேணும்னே பண்றார்! என்னைத் திரும்ப வேலைக்கு அனுப்பணும்னு கங்கணம் கட்டிக்கிட்டு இருக்கார்.”

“சேச்சே...” என்றவன், அந்த எண்ணை மறுபடி ஒருமுறை பார்த்தான்.

புது பேட்டரியைப் போட்டாள். மத்தியானம், நேரில் கேட்டே விடுவது என்று கிளம்பினாள். மாமனார் பகலெல்லாம் பழி கிடப்பது தெருமுனை சலூனில். வாசலிலேயே அவர் குரல் கேட்டது.

“நல்லாப் பாருங்க, நாலு டிகிரி! எங்க வீட்டு ஃபிரிட்ஜ்!”

முகமெல்லாம் நுரையோடு ஒருவர் எட்டிப் பார்த்தார். “உங்க போன்ல ஏதோ நம்பரைக் காட்டறீங்க.”

“நம்பிக்கை இல்லையா? இருங்க.” சலூன்காரரின் போனை வாங்கி வீட்டிலிருந்த மனைவியிடம் பேசினார். “அடியே, ஃபிரிட்ஜைத் திற! திறந்தே வை... பாருங்க, அஞ்சு! ஆறு! போதும், மூடு!”

“இன்னிக்கு இது நாலாவது ஆளு” என்று சிரித்தார் சலூன்காரர். “இதைப் பார்க்காம இங்க யாரும் முடி வெட்டிக்க முடியாது.”

“பின்னே? என் மருமக ஒண்டி ஆளா உட்கார்ந்து செஞ்சது! அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, தலைக்கனம் வந்துடும்.”

அவள் ஓசைப்படாமல் திரும்பினாள். கண்ணும் கலங்கியது, சிரிப்பும் வந்தது.

உட்கார்ந்து புரோகிராமை மாற்றினாள். இனி சில்லு பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை தானே விழித்து, அளவை நெட்டில் போட்டுவிட்டுத் தூங்கும். எத்தனை பேர் வேண்டுமானாலும் அங்கே பார்த்துக்கொள்ளலாம், பேட்டரிக்குக் கேடில்லை. ஃபிரிட்ஜ் கதவு திறந்து வெளிச்சம் பட்டால் மட்டும் உடனே விழிக்கும். அது மாமனாருக்காக. கணக்குப் போட்டதில் பேட்டரி பதினாலு மாதம் வந்தது.

சாயங்காலம் மாமனார் செருப்பைக் கழற்றும்போதே கேட்டார்: “கோளாறு பிடிபட்டுச்சா?”

“பிடிபட்டுச்சு மாமா. என் தப்புதான்.”

“நான் அப்பவே சொல்லலே? என்ன தப்பு?”

“நான் செஞ்சதைப் பாக்க இத்தனை பேர் இருப்பாங்கன்னு கணக்குல சேர்க்காம விட்டுட்டேன், மாமா.”