டிக்கியில் இல்லாத அடாப்டர்

டிக்கியில் இருந்த துணிப் பெட்டியைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டுத் தேடினாள். ஸ்டெப்னிக்கு அடியிலும் கையை விட்டுத் துழாவினாள். அடாப்டரைக் காணோம்.

நேற்றுச் சாயங்காலம் அவளே தன் கையால் வைத்தது. கால் முளைத்தா போயிருக்கும்?

"என்னம்மா, இன்னும் மாட்டலையா? பின்னால வண்டி நிக்குது" என்றார் சார்ஜிங் ஸ்டேஷன் ஊழியர்.

"அடாப்டரைக் காணோம்ணா. என் வண்டி பழைய மாடல். உங்க ஃபாஸ்ட் சார்ஜர் பிளக் நேரா இதுல நுழையாது."

"அப்ப ஓரத்துல இருக்கிற சின்ன பாயிண்ட்ல போடுங்க. என்ன, மெதுவாத்தான் ஏறும். ராத்திரி ஆயிடும்."

ராத்திரியா! சாயங்காலம் ஐந்து மணிக்குள் பக்கத்து நகரத்துக் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் போய்க் கையெழுத்துப் போட்டால்தான் வேலை அவளுக்கு. இல்லாவிட்டால் அடுத்து இருப்பவருக்குப் போய்விடும். வேதியியல் படித்துவிட்டு இத்தனை வருடம் வீட்டோடு கிடந்தவளுக்குக் கிடைத்த முதல் வேலை.

"அந்த ஊருக்கு பஸ் உண்டாண்ணா?"

"விடிகாலைல ஒண்ணு. அது போயாச்சு."

பின்னால் நின்ற புது காரிலிருந்து ஒரு தலை நீண்டது. "லேடீஸ் வண்டி எடுத்தாலே இப்படித்தான். கிளம்பும்போது எதையும் சரிபார்க்க மாட்டாங்க."

"ஜென்ட்ஸ் ஓட்டினா அடாப்டர் தானா நடந்து வந்து ஏறிக்குமா சார்? உங்ககிட்ட இருந்தா கொடுங்க. இல்லேன்னா கண்ணாடியை ஏத்திக்குங்க."

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

அவள் வண்டியை ஓரம் கட்டினாள். டியூஷன் எடுத்து வாங்கிய கார் இது. 'வேலைக்குப் போறவளுக்கு இந்த வீட்டுல இடமில்லை' என்று குதித்த புருஷன், ராத்திரி சார்ஜ் போட முடியாதபடி மெயின் ஸ்விட்சையே அணைத்துப் பூட்டிவிட்டான். இருந்த பேட்டரியை வைத்துக்கொண்டு, பொழுது விடிந்ததும் சொல்லாமல் கிளம்பி வந்திருந்தாள்.

ஆனால் அவனுக்கு அடாப்டர் என்றால் என்னவென்றே தெரியாதே! நேற்று ராத்திரி, "என் மூக்குக் கண்ணாடி உன் வண்டிக்குள்ள விழுந்துடுச்சு" என்று சாவி வாங்கிக்கொண்டு போனது மாமியார்தான். மூக்கில் கண்ணாடியை மாட்டிக்கொண்டே!

போன் அடித்தது. அத்தை.

"எங்கடி இருக்க?" காது கிழிந்துவிடும் போலிருந்தது.

"எங்கன்னு கேளும்மா, முதல்ல எங்கன்னு கேளு!" போனில் அத்தைக்குப் பின்னாலிருந்து புருஷனின் குரல்.

"பைபாஸ் சார்ஜிங் ஸ்டேஷன்ல நிக்கிறேன். நிக்க வெச்சதே நீங்கதானே அத்தை? அடாப்டரை எடுத்தது நீங்கதானே?"

"ஆமாம், நான்தான் எடுத்தேன். அதுக்கு என்ன இப்போ?"

என்ன நெஞ்சழுத்தம்!

"அங்கேயே நில்லு. ஒரு அடி நகரக் கூடாது. நான் வந்துட்டே இருக்கேன்."

"வாங்க, நல்லா வாங்க! ஊரையே கூட்டிட்டு வாங்க! நான் திரும்ப மாட்டேன். லாரிக்காரனைக் கைகாட்டி நிறுத்தியாவது போய்ச் சேருவேன். உங்க பிள்ளைகிட்டயும் சொல்லிடுங்க."

போனை வைத்துவிட்டு, சொன்னபடியே சாலை ஓரத்தில் போய் நின்றாள். லாரிகள் புழுதியை அள்ளிப் பூசிவிட்டுப் போயின. ஒருவனும் நிறுத்துகிற வழியாக இல்லை.

நின்றது ஒரு டவுன் பஸ். அதிலிருந்து அத்தை இறங்கினார். தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, தோளில் ஒரு பையோடு, சண்டைக்கு வருகிற நடை.

அவள் ஓடிப்போய்க் கார் கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"அத்தை, இங்கேயே சொல்லிடறேன். கால்ல விழுந்தாலும் வர மாட்டேன். கையைப் பிடிச்சு இழுத்தாலும் வர மாட்டேன்."

புது கார்க்காரர் சார்ஜ் ஏறுகிற நேரத்தில் வேடிக்கை பார்க்க இறங்கி வந்திருந்தார். "மாமியாரே தேடி வந்துட்டாங்க. பேசாம வீட்டுக்குப் போம்மா. குடும்பம்னா அப்படி இப்படித்தான் இருக்கும்."

"உங்களை யாரு கேட்டா?" என்றார் அத்தை. "உங்க வண்டிக்கு சார்ஜ் ஏறுதான்னு போய்ப் பாருங்க."

அவர் தன் வண்டிப் பக்கம் போய்விட்டார். அத்தை பைக்குள் கையை விட்டு, துண்டில் சுற்றியிருந்த ஒன்றை எடுத்து மருமகள் கையில் திணித்தார்.

அடாப்டர்.

"முழிக்காதே. மாட்டு. அஞ்சு மணிக்குள்ள போகணுமில்ல?"

"வீட்டுக்கு இழுத்துட்டுப் போகத்தானே வந்தீங்க?"

"அப்படித்தான் அவன்கிட்ட சொல்லிட்டு வந்தேன். வேற என்ன சொன்னா என்னை வாசப்படி தாண்ட விடுவான்?"

அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "எடுத்ததும் நீங்க, கொண்டு வந்து கொடுக்கறதும் நீங்க. உயிரே போயிடுச்சு எனக்கு. அப்புறம் எதுக்கு அத்தை இதை எடுத்தீங்க?"

அத்தை அவளை விலக்கிவிட்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டார்.

"நல்லா இருக்குடி நியாயம்! அப்பனுக்கும் பிள்ளைக்கும் ஆக்கிப் போட்டு வசவு வாங்கினவ நான். தப்பிச்சுப் போறது மட்டும் நீயா? இது உன் கையில இருந்திருந்தா, சட்டுனு சார்ஜ் ஏத்திட்டுப் பறந்திருப்ப. அப்புறம் நான் எந்த வண்டியில ஏறுறது?"