கீழ்வீட்டுக் குடிகாரன்

"வாங்க... ஒருவழியா ஆஸ்பத்திரிக்கு வழி தெரிஞ்சுதா உங்களுக்கு!"

ரத்தம் எடுக்கும் அறையில் இருந்த லேப் டெக்னீஷியன் சொன்ன விதத்திலேயே அது வரவேற்பு அல்ல என்று தெரிந்தது.

வந்தவர் அவள் குடியிருக்கும் கட்டடத்தின் கீழ்வீட்டுக்காரர். லிப்ட் மெக்கானிக். அவர் பின்னால், கைப்பையை மார்போடு இறுக்கி அணைத்தபடி அவர் மனைவி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

"கல்லீரல் டெஸ்ட் எடுத்துட்டு வரச் சொன்னாங்கம்மா. வெளியில பதிவு பண்ணிட்டோம்" என்றார் அவர்.

"லேபிள் வரணும். பிரிண்டர் காலையிலேருந்து மக்கர் பண்ணுது. அக்கா, நீங்க அந்த ஸ்டூல்ல உக்காருங்க" என்று டீச்சரிடம் குழைந்தவள், அவரைப் பார்த்து ரத்தம் எடுக்கும் நாற்காலியைக் காட்டினாள். குரலில் குழைவு இல்லை. அவர் மனைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தயங்கி உட்கார்ந்தார்.

ஆறு வருஷமாக அவள் வயிற்றெரிச்சலோடு பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பம் அது. விடிந்தும் விடியாமலும் அவர் கறுப்புப் பையோடு குப்பைத் தொட்டிக்குப் போவார். பைக்குள் பாட்டில்கள் இடித்துக்கொள்ளும் சத்தம் மாடிவரை கேட்கும். கொட்டுகிற மழையில் மதுக்கடை வாசலில் நின்றவரையும் பார்த்திருக்கிறாள். ஒருநாள் டீச்சர் நெற்றியில் நாலு தையலோடு வந்தாள். மறுநாளே டீச்சரின் அண்ணன் வந்து, நடுத்தெருவில் இவர் சட்டையைப் பிடித்து அறைந்தார். இவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அதன் பிறகு கட்டடத்து லிப்ட் நின்றால்கூட யாரும் இவரைக் கூப்பிடுவதில்லை. குடிகாரன் கையில் யார் உயிரைக் கொடுப்பார்கள்?

டீச்சரோ தங்கம். கணக்கில் கோட்டை விட்டுக்கொண்டிருந்த இவள் மகளை, சொந்தப் பிள்ளை மாதிரி உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்துத் தொண்ணூறு வாங்க வைத்தவள்.

அதனால்தான் இன்றைக்கு வாய் சும்மா இருக்க மறுத்தது.

"தினம் இந்த நாற்காலியில எத்தனை பேரைப் பாக்கறேன் தெரியுமா? கண்ணு மஞ்சளாகி, வயித்துல தண்ணி கோத்து, குச்சி மாதிரி கையை நீட்டுவாங்க. ஊசி குத்த நரம்பு கிடைக்காது. எல்லாம் உங்க வயசுதான். ஒரே முடிவா விட்டுத் தொலைச்சா என்ன?"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அப்படி விட முடியலம்மா. ரெண்டு தடவை விட்டுப் பாத்தாச்சு. மறுநாளே கை உதறும். வேர்த்துக் கொட்டும். இல்லாத ஆளுங்க எல்லாம் சுவர் ஓரமா நிக்கற மாதிரி தெரியும். போன தடவை வலிப்பே வந்துடுச்சு. இது திமிர் இல்லம்மா, வியாதி. வீட்ல வெச்சு திடீர்னு நிறுத்தறது உயிருக்கே ஆபத்து, இங்க வெச்சுத்தான் நிறுத்தணும்னு டாக்டர் சொல்லிட்டார். மத்தியானம் அட்மிஷன்."

"பரவாயில்லையே, நல்லா வக்காலத்து வாங்கறீங்க! அந்த வியாதியில கூட இருக்கறவங்க படற பாடு?"

"அது ஒண்ணும் பெரிசில்லம்மா" என்றார் அவர்.

அவளுக்குச் சுர்ரென்று வந்தது. பெரிசில்லையாமே!

ஸ்டூலில் இருந்து விசும்பல் கேட்டது. டீச்சர் குனிந்தபடி அழுதுகொண்டிருந்தாள்.

"நீங்க ஏன்க்கா அழறீங்க? அழவேண்டியவர் கல்லாட்டம் உக்காந்திருக்கார். அத்தனை கேவலத்தையும் சகிச்சுக்கிட்டு, விட்டுட்டுப் போகாம, கையைப் பிடிச்சு இங்கவரைக்கும் கூட்டிட்டு வந்திருக்கீங்களே... வேற யாராவதா இருந்தா எப்பவோ பெட்டியைக் கட்டியிருப்பாங்க. இப்படி ஒரு துணை கிடைக்கக் கொடுத்து வெச்சிருக்கணும். உங்களைக் கையெடுத்துக் கும்பிடணும்க்கா."

விசும்பல் இன்னும் பெரிதாயிற்று.

பிரிண்டர் ஒருவழியாகக் கிர்ரென்று லேபிளைத் துப்பியது. இருந்த ஆத்திரத்தில் பெயரைக்கூடப் பார்க்காமல் கிழித்து மேசை ஓரத்தில் ஒட்டினாள். அவர் சட்டைக் கையை மேலே தள்ளி, ரப்பர் பட்டையைக் கொஞ்சம் பலமாகவே இறுக்கினாள்.

"அம்மா, ஒரு நிமிஷம்..." என்று அவர் கையை இழுக்கப் பார்த்தார்.

"ஏன், ஊசின்னா பயமா? பாட்டில் பாட்டிலா உள்ள இறக்கும்போது இல்லாத பயம் இப்ப எங்கேருந்து வந்துச்சு?"

"போதும்!"

டீச்சர் எழுந்து நின்றிருந்தாள். அந்தக் குரலை வகுப்பறைக்கு வெளியே யாரும் கேட்டிருக்க முடியாது.

"அவர் கையை விடும்மா."

"அக்கா, நீங்க..."

டீச்சரே வந்து பட்டையை அவிழ்த்தாள். வேண்டாம் என்று தலையசைத்த கணவரைத் தோளைத் தொட்டு எழுப்பிவிட்டு, அந்த நாற்காலியில் தான் உட்கார்ந்தாள். கைப்பையைக் கீழே வைத்தாள். அதுவரை பையை இறுக்கிப் பிடித்து அடங்கிக் கிடந்த விரல்கள் வெடவெடவென்று நடுங்கின. அந்தக் கையை மேசைமேல் நீட்டினாள்.

"லேபிள்ல இருக்கறது என் பேரு. அவர் இதுவரைக்கும் ஒரு சொட்டு தொட்டதில்ல. குடிச்சு விழுந்து நெத்தியை உடைச்சுக்கிட்டதும் நான்தான். என் டீச்சர் வேலையும் மரியாதையும் போயிடக் கூடாதுன்னு, குடிகாரன்ங்கற பேரை மட்டும் அவர் வாங்கிக்கிட்டார்."