வெறுங்கையோடு போனவன்

கண்ணாடிப் பெட்டியின் பூட்டு திறந்து கிடந்தது. உள்ளே ராணியின் பட்டுச் சால்வை மடிப்புக் கலையாமல் வைத்த இடத்திலேயே இருந்தது.

அருங்காட்சியகத்துக்கு மதிய இடைவேளை ஒன்றிலிருந்து இரண்டு வரை. அந்த ஒரு மணி நேரத்துக்குள் யாரோ உள்ளே நுழைந்து, பூட்டைப் பக்குவமாகத் திறந்து, ஒன்றையும் எடுக்காமல் போயிருக்கிறான்.

“இவ்வளவு கஷ்டப்பட்டு வந்தவன் வெறுங்கையோடவா போவான்?” என்றார் இன்ஸ்பெக்டர்.

பக்கத்தில் நின்ற அம்மாள்தான் துணிப் பிரிவின் காப்பாட்சியர். சால்வைக்குப் பக்கத்தில், பெட்டி விரிப்பில் தைத்திருந்த விரல் நீளத் துணிப் பட்டையின் மேலேயே அவர் கண் குத்திட்டு நின்றது. காலையில் வெள்ளையாக இருந்த பட்டை, இப்போது நல்ல கத்தரிப்பூ நிறம்.

“அது என்ன மேடம்?”



“வெயில்ல புற ஊதாக் கதிர் இருக்குல்ல, அது பட்டா நிறம் மாறுற சாயம் சார். பழைய துணிக்கு அந்தக் கதிர்தான் எமன். எங்கயாவது கசியுதான்னு பாக்க, பெட்டிக்குப் பெட்டி நான்தான் தச்சு வச்சேன். ஒரு தடவை மாறினா மாறினதுதான்.”

இன்ஸ்பெக்டர் அறையைச் சுற்றிப் பார்த்தார். ஜன்னலே இல்லை. மற்ற பெட்டிகளின் பட்டைகளெல்லாம் தும்பைப்பூ வெள்ளை.

“அப்ப வந்தவன் புற ஊதா டார்ச் அடிச்சுப் பாத்திருக்கான்.”

காப்பாட்சியர் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார்.

அருங்காட்சியக இயக்குநரின் கோபம் காவலாளி மேல் பாய்ந்தது. பகலில் தூங்குகிற புண்ணியத்தால் காவலாளிக்கு ‘ஆந்தை’ என்று பட்டப்பெயர்.

“என்னய்யா கிழிச்சிட்டு இருந்த? நாளைலேருந்து வேலைக்கு வராத!”

“சாப்பிட்டு உக்காந்தேன் சார்... லேசா கண்ணசந்துட்டேன். ரெண்டு பொண்ணும் படிச்சிட்டு இருக்கு சார்...”

“பாவம், அவரை விடுங்க சார்,” என்று குறுக்கே புகுந்தார் காப்பாட்சியர். “சால்வைதான் பத்திரமா இருக்கே. விஷயம் வெளிய போனா நமக்குத்தான் தலைகுனிவு.”

ஆந்தை அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

இன்ஸ்பெக்டர் மட்டும் விடுவதாக இல்லை.

“இது வெள்ளோட்டம் மேடம். இன்னிக்கு நல்லாப் பாத்து வச்சிட்டுப் போயிருக்கான். கட்டாயம் திரும்பி வருவான். எங்க தடயவியல் ஆளுங்களை வரச் சொல்றேன். அதே மாதிரி ஒரு விளக்கை அடிச்சுப் பாத்தா சால்வை மேல ரேகையோ முடியோ சிக்காமயா போகும்?”

“ஐயோ, வேண்டவே வேண்டாம்!”

காப்பாட்சியர் துள்ளி எழுந்து, தாய்க்கோழி மாதிரி பெட்டியை மறைத்துக்கொண்டு நின்றார்.

“முந்நூறு வருஷத்துப் பட்டு சார் இது. ஏற்கெனவே ஒரு பாவி அடிச்சுட்டுப் போயிட்டான். இன்னொரு தடவை அந்த வெளிச்சம் பட்டா நூல் பொடிப்பொடியா உதிர்ந்துடும். என் உடம்புல உயிர் இருக்கிற வரைக்கும் விடமாட்டேன்!”

அவர் கண்ணில் நீர் தளும்பியதைப் பார்த்து இன்ஸ்பெக்டரே இளகிவிட்டார்.

அன்று மாலையே சால்வை நிலவறையின் இரும்புப் பெட்டகத்துக்குப் போயிற்று. வெளிச்சம் படக் கூடாது. வெளியாட்கள் தொடக் கூடாது. சாவி காப்பாட்சியரிடம்தான் இருக்கும். உத்தரவில் கையெழுத்துப் போட்ட இயக்குநர், “பெத்த பிள்ளையக்கூட யாரும் இப்படிப் பாத்துக்க மாட்டாங்கம்மா,” என்று நெகிழ்ந்தார். ஆந்தைக்கும் வேலை தப்பியது.

திருடன் திரும்பி வந்தால் அமுக்கிப் பிடிக்க, மஃப்டியில் இரண்டு போலீஸ்காரர்கள் கூடத்திலேயே பழியாய்க் கிடந்தார்கள். ஒரு மாதம் ஆயிற்று. அவன் வரவில்லை.

வரவே மாட்டான் என்று அந்தக் கட்டடத்தில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அந்த டார்ச் வெளிச்சத்தில் பழைய பட்டு மங்கிக் கிடக்கும்; இந்தக் காலத்து நூல்தான் பளீரென்று மின்னும். வந்தவன் தொழில் தெரிந்தவன்.

அசல் சால்வையை நான்கு வருடங்களுக்கு முன்பே தோளில் போர்த்திக்கொண்டு, ஆந்தை வைத்த வணக்கத்தையும் வாங்கிக்கொண்டு, முன்வாசல் வழியாகவே வெளியேறியிருந்தார் காப்பாட்சியர்.