பெரியவர் தொட்ட படம்

பெரியவரின் விரல் டம்ளர் படத்தின் மேல் போய் நின்றதும் மருமகள் எழுந்து தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை மோவாய்க்குக் கீழே துண்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டிருந்த பெரியவரின் மகள் அருகில் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணி, நான் என்னென்னமோ நினைச்சிக்கிட்டு வந்தேன். மன்னிச்சிருங்க.”

“சீ, என்னம்மா பேச்சு இது?” என்றாள் மருமகள்.

பக்கவாதம் வந்ததில் பெரியவருக்குப் பேச்சு போனது. அதைவிடக் கொடுமை, மற்றவர்கள் பேசுவதும் அவருக்கு விளங்காமல் போனது. சத்தம் காதில் விழும், அர்த்தம் மண்டையில் ஏறாது. எழுத்தும் அப்படியே. ஆனால் ஆளை அடையாளம் தெரியும். மகள் உள்ளே நுழைந்தபோது அவர் முகம் மலர்ந்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

மருமகள் அப்போதுதான் ஆன்லைனில் கிராஃபிக் டிசைன் படிக்கத் தொடங்கியிருந்தாள். கடைகளுக்கு லோகோ போட்டுக் கொடுக்கலாம் என்று சேர்ந்தவள், மாமனாருக்காக அட்டைகள் வரைய ஆரம்பித்தாள். முதலில் வரைந்தவற்றை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“டம்ளர்ல பூ டிசைன், தண்ணில நிழல்னு ஆசையா போட்டிருந்தேன். கிளாஸ் எடுக்கிற மேடம் எல்லாத்தையும் அழிக்கச் சொல்லிட்டாங்க. தடிச்ச கோடு, ஒரே கலர், சுத்தி வெள்ளை. அழகா இருக்கணும்னு அவசியமில்ல, சட்டுனு பிடிபடணும், அவ்வளவுதான்னாங்க.”

“உடனே புரிஞ்சிக்கிட்டாரா அண்ணி?”

“எங்க! படத்தைக் காட்டணும், கையோட அதைச் செஞ்சும் காட்டணும். அலுத்துக்காம பழக்கினா ஒரு நாள் மனசுல ஒட்டிக்கும்.”

மகள் அட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். கட்டில், மின்விசிறி, கழிப்பறை, கார், வீடு. ஒரு முக்கோணக் கூரை, ஒரு கதவு, அதுதான் வீடு. அதற்கு மேல் ஒரு கோடு இல்லை.

“சின்னக் குழந்தைக்குக்கூடப் புரியும்” என்றாள் வியப்போடு.

மகள் வந்தது அப்பாவைத் தன்னோடு கூட்டிப்போக. வாசலில் கார் தயாராக நின்றது. அவர் போய்விட்டால் இந்த வீட்டை வாடகைக்கு விட்டு, வரும் பணத்தில் ஒரு நர்ஸ் வைப்பது என்று பேச்சு. அண்ணனும் அண்ணியும் வேறு இடம் பார்த்தாக வேண்டும்.

அண்ணன் மனைவியின் முகத்தைப் பார்த்தான். மருமகள்தான் பேசினாள். “நாங்க எங்கயாவது ஒண்டிக்கிறோம், அது பெரிய விஷயமில்ல. மாமா மனசுல என்ன இருக்குன்னு நீயே கேட்டுரும்மா. நாங்க பிடிச்சு வெச்சிக்கிட்டோம்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது.”

மகள் கட்டிலோரம் மண்டியிட்டாள். ஒரு கையில் கார், மறு கையில் வீடு. கார் படத்தைக் காட்டி, தன்னைத் தொட்டு, அவரைத் தொட்டு, வாசலைக் காட்டினாள்.

கார் படத்தைப் பார்த்ததும் பெரியவரின் முகம் சுருங்கியது. நன்றாக இருந்த இடது கையால் அதைத் தட்டிவிட்டார். அடுத்த நொடி வீட்டுப் படத்தை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார்.

மகள் விடவில்லை. அட்டைகளை மறுபடி எடுத்து, கை மாற்றிப் பிடித்துத் திரும்பவும் காட்டினாள். இந்த முறை அவர் வீட்டுப் படத்தை அவள் நெஞ்சிலேயே வைத்து அழுத்தினார். கன்னத்தில் கண்ணீர் வழிய, கட்டிலுக்குக் கீழே அவர் கால் துழாவிச் செருப்பை மாட்டிக்கொண்டது.

“அழாதீங்கப்பா, அழாதீங்க” என்று மகள் உடைந்துபோனாள். “இந்த வீட்டை விட்டு வரவே மாட்டேங்கிறாருண்ணா. பெத்த பொண்ணு எனக்கு இது புரியல பாரு. இனிமே வீட்டுப் பேச்சையே எடுக்க மாட்டேன்.”

அப்பாவின் செருப்பை அவளே கழற்றி ஓரமாக வைத்தாள். கால்களைத் தூக்கிக் கட்டிலில் நீட்டிவிட்டாள். அவர் பிடித்திருந்த தன் முந்தானையை மெல்ல உருவிக்கொண்டு, அண்ணியைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டுப் புறப்பட்டாள்.

காரின் சத்தம் தெருவில் தேய்ந்து மறைந்தது. பெரியவர் வீட்டுப் படத்தை உள்ளங்கையால் தட்டிக்கொண்டே இருந்தார். தொண்டையிலிருந்து ஏதோ குரல் பிசிறாக வந்தது.

“அதான் வீட்டுலயே விட்டுட்டுப் போயிட்டாளே, இன்னும் எதுக்கு இதைத் தட்டுறாரு?” என்றான் மகன்.

மருமகள் அவர் கையை விலக்கி அட்டையை எடுத்துக்கொண்டாள்.

“கார் படம் காட்டினா அன்னைக்கு ஆஸ்பத்திரி, ஊசி. நீங்க வேலைக்குப் போனதும் இந்த வீட்டுப் படத்தைக் காட்டித்தான் தினமும் அவரைச் சக்கர நாற்காலில வெச்சு வெளிய தள்ளிட்டுப் போவேன். உங்க தங்கச்சி வரப்போறேன்னு சொன்ன நாள்லேருந்து அப்படித்தான் பழக்கி வெச்சிருக்கேன்.”

மகனுக்கு இன்னும் பிடிபடவில்லை. “அப்படின்னா, அவகிட்ட அப்பா என்னதான் சொன்னாரு?”

“என்னைக் கூட்டிட்டுப் போயிரும்மான்னு கெஞ்சினாரு.”