புவாலாயின் சாப்பாட்டுக் கூடை

“அந்தக் கூடையைத் தூரமா வைம்மா! வாசனையே ஒரு கிலோ ஏத்திடும் போலிருக்கு.”

உபோனிலிருந்து பாங்காக் போகும் ரயில் இன்னும் நகரக்கூட இல்லை. அதற்குள் பிளா சண்டையை ஆரம்பித்துவிட்டாள்.

“இவ்வளவு தூரம் வெறும் வயித்தோட எப்படிடி வருவே? ஒரே ஒரு துண்டு கோழி...” என்று கெஞ்சினாள் புவாலாய்.

“சாயங்காலம் எடை பார்ப்பாங்க. நாப்பத்தெட்டு கிலோவைத் தாண்டினா குத்துச்சண்டையே கிடையாது, பட்டம் எதிராளிக்கு! போன வருஷம் என் மூக்கை உடைச்சாளே, அவளைக்கூட சமாளிச்சிடுவேன். உன் சமையலைத்தான் சமாளிக்க முடியாது.”

இரண்டு அவித்த முட்டையும் ஒரு வெள்ளரிக்காயுமாக, பிளா பெட்டியின் மறுகோடிக்குப் போய்த் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சாய்ந்துவிட்டாள்.

புவாலாயின் முகம் தொங்கிப் போயிற்று. விடியுமுன் எழுந்து சுட்ட கோழி, ஆவியில் வேகவைத்த ஒட்டரிசிச் சோறு, தேங்காய்ப் பாலில் வெந்த வாழைப்பழம். யாருக்காக?

வழியில் சுரின் நிலையத்தில் ஒரு பெண் ஏறி எதிரே உட்கார்ந்தாள். ஊரே வெந்துகொண்டிருந்த வெயிலில் கழுத்துவரை இழுத்து மூடிய தடிச்சட்டை. முகமெல்லாம் வேர்வை. கண்கள் மட்டும் கூடையை விட்டு நகரவில்லை.

“காய்ச்சலாம்மா?”

“அதெல்லாம் இல்ல பெரியம்மா. கொஞ்சம் சோர்வு.”

“சாப்பிட்டியா?”

அவள் அடுத்த பெட்டியின் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். “நேத்து மத்தியானம்.”

கூடை திறந்தது. முதல் துண்டுக்கு “வேண்டாம் பெரியம்மா” என்றவள், மூன்றாவது துண்டில் எலும்பை உறிஞ்சினாள். வாழைப்பழக் கிண்ணத்தை விரலால் வழித்து நக்கினாள்.

“எம்பொண்ணுதான் என் சாப்பாட்டைத் தொட மாட்டேங்குறா. நீயாவது தின்னு, ராசாத்தி!”

பாங்காக் வருவதற்குள் கூடை காலி. அந்தப் பெண் கை கூப்பிக் கும்பிட்டுவிட்டு, அடுத்த பெட்டிக்குள் ஓடி மறைந்தாள்.

சாயங்காலம் எடை பார்க்கும் கூடம். பிளா தராசில் ஏறினாள். நாற்பத்தேழு கிலோ தொள்ளாயிரம். புவாலாய்க்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அடுத்து எதிராளி வந்தாள். வேர்த்து எடை இறங்கப் போட்டிருந்த அதே தடிச்சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தராசில் நின்றாள். நாற்பத்தெட்டு கிலோ எழுநூறு!

ஒரு மணி நேரம் கயிறு தாண்டவிட்டும் முந்நூறு கிராம்தான் குறைந்தது; மிச்ச நானூறு இறங்க மறுத்தது. பட்டம் பிளாவுக்கு என்று அறிவித்தார்கள்.

“காலைல சரியா இருந்தியேடி! ரயில்ல அடுத்த பெட்டியில நான் இருக்கும்போதே என்னத்தைத் தின்னு தொலைச்சே? எவ குடுத்தா?” எதிராளியின் பயிற்சியாளர் தலையில் அடித்துக்கொண்டார்.

அவள் கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். விரல் நேராகப் புவாலாயிடம் வந்து நின்றது. “அந்தப் பெரியம்மாதான் மாஸ்டர். அந்தக் கோழியைத் தின்னு பாருங்க, அப்புறம் திட்டுங்க!”

கூடமே திரும்பிப் பார்த்தது. புவாலாய் காலிக் கூடையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். “சத்தியமா காய்ச்சல்னுதான்டி நினைச்சேன்... போன வருஷம் நான் வரலையே, இவதான் அவள்னு எனக்கு எப்படித் தெரியும்?”

சிரிப்பை அடக்க முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்ட பிளா, அம்மாவின் காதருகே குனிந்தாள்.

“அடுத்த போட்டிக்கு ரெண்டு கூடையா கட்டும்மா!”