தானே அணைந்து எழும்

அவள் மறுபடி தட்டினாள்.

பதில் இல்லை.

தேனி ஆஸ்பத்திரியில் மெஷின்களையும் கம்ப்யூட்டர்களையும் இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் அவளைக் கண்டுகொள்ளவே இல்லை. மதுரை அலுவலகத்தில் உட்கார்ந்தபடி அதன் நிர்வாக முகவரியை மாற்றியிருந்தாள். எந்த வழியாக உள்ளே போனாளோ, அந்த வழியையே அடைத்துவிட்டாள்.

முட்டாள். சுத்த முட்டாள்.

ஆனால் பயம் அதற்கில்லை. அங்கே எதுவும் நின்றுபோகவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆறு படுக்கை. ஆறு பேரின் இதயத் துடிப்பும் அந்த ஸ்விட்ச் வழியாகத்தான் நர்ஸ் மேஜைத் திரைக்குப் போகிறது. இப்போதும் போய்க்கொண்டுதான் இருக்கிறது. அவளோடு மட்டும்தான் அதற்குப் பேச்சுவார்த்தை இல்லை.

பயம் வேறு.

தூரத்திலிருந்து ஸ்விட்சில் கை வைக்கிறவர்கள் முதலில் ஒரு கட்டளை போட்டுவைப்பார்கள். கொஞ்ச நேரம் கழித்து நீயே அணைந்து எழு. மாற்றம் ஒழுங்காக அமைந்தால் கட்டளையை ரத்து செய்துவிடலாம். அமையாமல் மாட்டிக்கொண்டால், அது அணைந்து பழைய முகவரியோடு எழும். நல்ல வழக்கம்தான். கை பழகிப்போய் இன்றும் போட்டுவிட்டாள்.

எங்கே போடுகிறோம் என்று யோசிக்கவில்லை.

ரத்து செய்ய உள்ளே போக வேண்டும். உள்ளே போக வழியில்லை.

அது அணைந்து எழும்வரை திரை இருண்டு கிடக்கும். படுக்கையருகே மெஷின் கத்தினாலும் கண்ணாடிக் கதவைத் தாண்டிக் கேட்காது.

சொன்னால் வேலை போய்விடும். சொல்லாவிட்டால்…

ஐயோ, கடவுளே.

போனை எடுத்தாள்.

தலைமை நர்ஸ் பிலோமினா முழுதாகக் கேட்டார். திட்டவில்லை. ரிசீவரை மேஜைமேல் வைக்கும் சத்தம். அப்புறம் அதட்டல்.

"எல்லாரும் உள்ள வாங்கடி. ஆளுக்கு ரெண்டு பெட். மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க. நான் சொல்ற வரைக்கும் கையை எடுக்கக் கூடாது."

செருப்புச் சத்தம். கதவு.

பிறகு ஒன்றுமில்லை.

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தெரிந்த சாமி எல்லாவற்றையும் கூப்பிட்டாள்.

கம்ப்யூட்டரில் ஒரு வரி நகர்ந்தது. இன்னொன்று. ஸ்விட்ச் எழுந்துவிட்டது. கூப்பிட்ட குரலுக்கெல்லாம் பதில் சொன்னது, ஒன்றுமே நடக்காததுபோல.

போனில் யாரும் இல்லை.

"சிஸ்டர்?"

"சிஸ்டர்!"

யாரோ ஓடினார்கள். எதுவோ உருண்டது.

கடைசியில் பிலோமினா வந்தார்.

"திரை வந்துருச்சும்மா. ஆறு பேரும் நல்லா இருக்காங்க. அழாத. நாலாம் பெட் பெரியவர்தான் மணிக்கட்டைப் பிடிச்ச நர்ஸ் பொண்ணு கையை விட மாட்டேங்கறார். திரை மறுபடியும் எப்ப அணையும்னு கேக்கறார்."

அவள் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். ஸ்விட்ச் பழைய முகவரியோடுதான் எழுந்திருந்தது.

மாற்ற வேண்டிய முகவரி இன்னும் மாறாமலே இருந்தது.